பழசானா விலை குறையணுமே... கேம் கன்சோல்களுக்கு மட்டும் ஏன் ஏறுது?

‘ஒரு வருஷம் பொறு, விலை குறையும்.’ எலக்ட்ரானிக்ஸ் பொருள் எதை வாங்கக் கிளம்பினாலும் வீட்டில் கிடைக்கும் முதல் அட்வைஸ் இதுதான். செல்போனுக்கு இது பொருந்தும், டிவிக்குப் பொருந்தும், லேப்டாப்புக்கும் ஓரளவு பொருந்தும். வீடியோ கேம் கன்சோலுக்கும் 30 வருஷமாகப் பொருந்திக்கொண்டுதான் இருந்தது. இந்தத் தலைமுறை கன்சோல்கள் வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது.

மூன்று உதாரணங்களைப் பாருங்கள். 2020 நவம்பரில் அமெரிக்காவில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (டிஸ்க் போடும் மாடல்) 499.99 டாலருக்கு அறிமுகமானது. ஐந்து வருஷம் ஆகப்போகும் நேரத்தில், 2025 ஆகஸ்ட்டில், அதன் விலை 549.99 டாலர் ஆனது. அதே 2020 நவம்பரில் அதே 499.99 டாலருக்கு வந்தது மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ். 2025 மே மாதம் அது 599.99 ஆனது, அக்டோபரில் மறுபடியும் ஏறி 649.99. அதாவது, ஐந்து வருஷப் பழைய மெஷினுக்கு 30 சதவீதம் கூடுதல் விலை.

மூன்றாவது கதைதான் உச்சம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2017 மார்ச்சில் 299.99 டாலருக்கு வந்தது. அதன் வாரிசான ஸ்விட்ச் 2, 2025 ஜூனில் 449.99 டாலருக்குக் கடைகளுக்கு வந்தது. புதுசு வந்துவிட்டதே, இனி பழசு குறையும் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்? இரண்டு மாதம் கழித்து, எட்டு வருஷப் பழைய ஸ்விட்ச்சின் விலையை 339.99 டாலராக உயர்த்தியது நின்டெண்டோ.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. கன்சோல் விஷயத்தில் பொறுத்தவர் பர்ஸ் காலியாகிறது. என்னதான் நடக்கிறது?

முன்பு எப்படி இருந்தது?

1995 மே மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ‘ஈ3’ என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல்முறையாக நடக்கிறது. சேகா நிறுவனம் தன் சாட்டர்ன் கன்சோலின் விலை 399 டாலர் என அறிவிக்கிறது. பிறகு சோனியின் முறை. அதன் அமெரிக்கப் பிரிவின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறுகிறார். ‘299’ என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறார். இறங்கிப் போய்விடுகிறார். அரங்கத்தில் கைதட்டல். முதல் பிளேஸ்டேஷனின் வெற்றிக் கதை பெரும்பாலும் அந்த ஒற்றை எண்ணிலிருந்துதான் சொல்லப்படுகிறது.

2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-ம் 299 டாலரில்தான் தொடங்கியது. 2002-ல் 199, 2006-ல் 129, 2009-ல் 99 என்று படிப்படியாக இறங்கியது. விற்பனை 16 கோடியைத் தாண்டியது. வீட்டு வீடியோ கேம் கன்சோல்களில் இன்றுவரை அதிகம் விற்றது அதுதான்.

இந்த எண்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். முதல் வருஷத்தில் 299 டாலர் கொடுத்து வாங்கியவர்களும், ஒன்பதாவது வருஷத்தில் 99 டாலர் கொடுத்து வாங்கியவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. முதலில் வெறித்தனமான ரசிகர்கள் வாங்குவார்கள். அப்புறம் மாதச் சம்பளக்காரர்கள். கடைசியில், பட்ஜெட் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பங்களும், வளரும் நாடுகளும். கன்சோல் தலைமுறை என்பது கீழ்நோக்கி இறங்கும் படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு படியிலும் ஒரு புதுக் கூட்டம் ஏறிக்கொள்ளும்.

அந்தப் படிக்கட்டைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள்.

நஷ்டத்துக்கு விற்றார்களா?

ஆமாம், பல சமயம் தெரிந்தேதான். பிரின்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இங்க்கில் காசு பார்க்கும் அதே டெக்னிக். கன்சோல் வீட்டுக்குள் வந்துவிட்டால் போதும்; கேம், சந்தா, கூடுதல் கன்ட்ரோலர் என்று வருஷக்கணக்கில் பணம் வரும். மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் கேம் விற்றாலும், டிஜிட்டல் ஸ்டோரில் வழக்கமாக 30 சதவீதம் கன்சோல் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, அதைப் பிரித்து உதிரிபாகங்களைக் கணக்கிட்டது ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம். 20 ஜிபி மாடலுக்கான தயாரிப்புச் செலவே 800 டாலருக்கு மேல் என்றது அதன் மதிப்பீடு. விற்பனை விலையோ 499 டாலர். எக்ஸ்பாக்ஸ் கன்சோல் ஒவ்வொன்றுக்கும் 100 முதல் 200 டாலர் வரை கைக்காசு போட்டுத்தான் விற்கிறோம் என்று 2022-ல் வெளிப்படையாகவே சொன்னார், அப்போது அந்தப் பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர். அதற்கு ஒரு வருஷம் முன்பு, எபிக் - ஆப்பிள் வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, கன்சோல் மெஷினை விற்று நிறுவனம் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று நீதிமன்றத்திலேயே கூறினார்.

ஆனால், இந்த நஷ்டத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. வருஷங்கள் போகப்போக தயாரிப்புச் செலவு குறையும். நஷ்டம் லாபமாக மாறும். அந்த லாபத்தில் ஒரு பங்கு விலைக்குறைப்பாக மக்களுக்குப் போகும். இதுதான் எழுதப்படாத ஒப்பந்தம். அந்தச் செலவு குறைவதுதான் இப்போது நின்றுபோயிருக்கிறது.

சிப் சுருங்குகிறது, செலவு சுருங்கவில்லை

கன்சோலின் இதயம் அதன் சிப். சிப் தொழிற்சாலைகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிய தொழில்நுட்பத்துக்கு மாறும். அதே சிப்பைச் சின்னதாகச் செய்யலாம். ஒரு சிலிக்கான் தட்டிலிருந்து முன்பைவிட அதிக சிப்கள் கிடைக்கும். சின்ன சிப் குறைந்த மின்சாரம் இழுக்கும். அதனால் சின்ன ஃபேன், சின்ன பவர் சப்ளை, சின்ன பெட்டி போதும். கப்பலில் ஏற்றும் செலவுகூடக் குறையும். ‘ஸ்லிம்’ மாடல் என்று வருவதெல்லாம் அழகுக்காக மட்டும் இல்லை, செலவுக் கணக்குக்காகவும்தான்.

பிளேஸ்டேஷன் 2-ல் முதலில் தனித்தனியாக இருந்த இரண்டு முக்கிய சிப்கள் பின்னாளில் ஒரே சிப்பாக ஒடுங்கின. 2013-ல் 399 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 4-ன் சிப், 28 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. 2016-ல் வந்த ஸ்லிம் மாடலில் அது 16 நானோமீட்டராகச் சுருங்கியது. விலை 299 டாலர் ஆனது.

பிளேஸ்டேஷன் 5-லும் சிப் சுருங்கியது. 7 நானோமீட்டரில் தொடங்கி 2022-ல் 6 நானோமீட்டருக்கு மாறியது. விலை மட்டும் குறையவில்லை. காரணம், புதுத் தொழில்நுட்பத்தில் ஒரு சிலிக்கான் தட்டுக்கு ஆகும் செலவே எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. தட்டில் அதிக சிப் கிடைத்தாலும், தட்டின் விலையும் சேர்ந்து ஏறினால் மிச்சம் என்ன? போதாக்குறைக்கு, இந்த அதிநவீன சிப்களைச் செய்யத் தெரிந்த தொழிற்சாலைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தைவானின் டிஎஸ்எம்சி வாசலில் ஆப்பிளும் என்விடியாவும் நிற்கும் அதே வரிசையில்தான் கன்சோல் சிப்களும் நிற்க வேண்டும்.

தலைமுறைப் பாய்ச்சல் மங்கிப்போனதற்கும் இதுவே ஒரு காரணம். பிளேஸ்டேஷன் 3-ல் மொத்த மெமரி 512 எம்பி. பிளேஸ்டேஷன் 4-ல் 8 ஜிபி. அதாவது 16 மடங்கு. பிளேஸ்டேஷன் 5-ல் 16 ஜிபி. வெறும் இரண்டு மடங்கு. எஸ்எஸ்டி வந்ததால் லோடிங் நேரம் பெருமளவு குறைந்தது உண்மை. ஆனால், பழைய மெஷினையும் புது மெஷினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் வாய் பிளக்கும் அந்த வித்தியாசம் இப்போது இல்லை. 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த ‘ஜிடிஏ 5’, 2014-ல் பிளேஸ்டேஷன் 4-க்கும், 2022-ல் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்தது. ஒரே கேம், மூன்று தலைமுறை! பிளேஸ்டேஷன் 5 வந்து மூன்றரை வருஷம் ஆன பிறகும், 2024 மே நிலவரப்படி, பிளேஸ்டேஷன் பயனர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிளேஸ்டேஷன் 4-லேயே விளையாடிக்கொண்டிருந்ததாகச் சோனியே சொன்னது.

டிரம்ப் போட்ட வரிதானே காரணம்?

ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்த இறக்குமதி வரிகள், ஆசியாவில் தயாராகும் கன்சோல்களை நேரடியாகப் பாதித்தன. அந்த அறிவிப்பு வந்த வேகத்தில் அமெரிக்காவில் ஸ்விட்ச் 2-க்கான முன்பதிவையே நின்டெண்டோ தள்ளிவைத்தது. மெஷின் விலையை மாற்றவில்லை என்றாலும், கன்ட்ரோலர் போன்ற துணைப் பொருட்களின் விலையை ஏற்றித்தான் முன்பதிவைத் தொடங்கியது.

ஆனால், விலையேற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2022 ஆகஸ்ட்டிலேயே ஐரோப்பா, பிரிட்டன், ஜப்பான் உள்ளிட்ட சந்தைகளில் பிளேஸ்டேஷன் 5 விலையைச் சோனி உயர்த்தியது. அப்போது சொன்ன காரணம் பணவீக்கமும் நாணய மாற்று விகிதமும். அந்தச் சுற்றில் அமெரிக்கா மட்டும் தப்பித்தது. சோனியின் சொந்த ஊரான ஜப்பானில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வரியுடன் 54,978 யென்னுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, யென் மதிப்பு சரியச் சரிய விலை ஏறி, 2024 செப்டம்பரில் 79,980 யென் ஆனது. நான்கே வருஷத்தில் சுமார் 45 சதவீத உயர்வு. கடைசியில், ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் ஒரு டிஜிட்டல் மாடலை 55,000 யென்னுக்கு 2025 நவம்பரில் சோனி இறக்க வேண்டியிருந்தது.

இதற்கு மேல் வந்து சேர்ந்தது ஏஐ அலை. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் மலைமலையாகத் தேவைப்படுகின்றன. சாதாரணப் பயனருக்கு விற்பதைவிட அங்கே விற்பது லாபம் என்பதால், தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் எல்லோருக்கும் தெரிந்த ‘குரூஷியல்’ பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. மெமரியும் ஸ்டோரேஜும் இல்லாமல் கன்சோல் இல்லை. சாட்பாட்டிடம் கேட்கும் கேள்விக்கும், ஹாலில் விளையாடும் கேமுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது.

விலையைக் குறைக்கச் சொல்ல எதிரியும் இல்லை

செலவு ஏறினாலும், போட்டி கடுமையாக இருந்தால் நிறுவனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விலையைப் பிடித்து வைக்கும். 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர் என்றதும், அதே நாளில் பிளேஸ்டேஷன் 4-ஐ 399 டாலர் என அறிவித்துச் சோனி அடித்தது. அடுத்த வருஷமே கினெக்ட் கேமராவைக் கழற்றிவிட்டு மைக்ரோசாஃப்ட்டும் 399-க்கு இறங்கி வந்தது.

இன்றைக்கு அந்தச் சண்டை இல்லை. சுமார் 69 பில்லியன் டாலர் கொடுத்து 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கிய மைக்ரோசாஃப்ட், கன்சோல் விற்பதைவிட எல்லா மெஷின்களிலும் கேம் விற்பதையே முக்கியமாகப் பார்க்கிறது. ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’, ‘கியர்ஸ் ஆஃப் வார்’ எனத் தன் செல்லப் பிள்ளைகளை 2025-ல் பிளேஸ்டேஷனுக்கே அனுப்பியது. ‘ஹேலோ’வும் வருகிறது என அறிவித்தது. 2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் ஹார்டுவேர் வருவாய் முந்தைய ஆண்டைவிட 29 சதவீதம் விழுந்தது. எதிரி களத்தை விட்டு நகரும்போது, சோனி எதற்காக விலையைக் குறைக்க வேண்டும்?

கேம்களின் விலை?

அதுவும் ஏறுகிறது. நீண்ட காலம் 60 டாலராக இருந்த பெரிய கேம்களின் விலை, 2020-ல் 70 ஆனது. 2025-ல் ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ மூலம் 80 டாலரைத் தொட்டது நின்டெண்டோ.

தயாரிப்புச் செலவைப் பார்த்தால் தலைசுற்றும். மைக்ரோசாஃப்ட் - ஆக்டிவிஷன் வழக்கில் சரியாக மறைக்கப்படாத ஓர் ஆவணத்தின் மூலம், ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ தயாரிக்க 220 மில்லியன் டாலர், ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’டுக்கு 212 மில்லியன் டாலர் ஆனது வெளியே தெரிந்தது. இவ்வளவு பணம் போட்டால் யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள். ரிஸ்க் எடுத்தாலும் தாங்குவது கஷ்டம். சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. இரண்டே வாரம். வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதை உருவாக்கிய ஸ்டூடியோ மூடப்பட்டது.

அடி விழுவது ஊழியர்கள் மீது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் கேமிங் பிரிவில் 1,900 பேர், பிப்ரவரியில் பிளேஸ்டேஷனில் சுமார் 900 பேர் வேலையிழந்தார்கள். அதிக விலை கொடுத்து வாங்குகிறார்களே, அந்தக் காசு கேம் செய்பவர்களின் வேலையையாவது காப்பாற்றியதா என்றால், அதுவும் இல்லை.

நிறுவனங்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால், 1995-ன் 299 டாலர் என்பது 2025-ன் மதிப்பில் 600 டாலருக்கும் மேல். 2006-ல் 599 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 3-ன் பெரிய மாடல், இன்றைய மதிப்பில் 900 டாலரைத் தாண்டும். ஆக, ‘அந்தக் காலத்தில் கன்சோல் சல்லிசாக இருந்தது’ என்பது பாதி உண்மைதான். அறிமுக விலை என்று பார்த்தால் இன்றைய கன்சோல்கள் அப்படியொன்றும் அநியாய விலை இல்லை.

ஆனால், ஒப்பிட வேண்டியது அறிமுக விலையை அல்ல. ஐந்தாவது, ஆறாவது வருஷ விலையை. 2006-ல் 129 டாலருக்கு இறங்கிய பிளேஸ்டேஷன் 2-ன் விலை, இன்றைய மதிப்பில் 200 டாலரை ஒட்டி வரும். ஏறக்குறைய அதே வயதில், 2025-ல், பிளேஸ்டேஷன் 5-ன் விலை 549.99 டாலராக இருந்தது. முதல் நாள் வாங்கியவருக்கு இழப்பு எதுவும் இல்லை. காத்திருந்து வாங்குபவருக்குத்தான் கதவு மூடுகிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன?

காத்திருந்து வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இதற்குச் சாட்சி பிளேஸ்டேஷன் 2. உலகில் வெளியாகி ஒன்பது வருஷம் கழித்து, 2009-ல், இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 கேமாக ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வந்தது. கபடியும் கிட்டிப்புள்ளும் பட்டம் விடுவதும் கொண்ட ‘தேசி அட்டா’, தெருக் கிரிக்கெட் கேம் என வரிசையாக வந்தன. அமெரிக்காவில் பழசாகிப்போன மெஷின், விலை குறைந்ததால்தான் இங்கே புதுச் சந்தையாக மாறியது. அந்தச் சந்தை இருந்ததால்தான் நம்மூர் விளையாட்டுகள் கன்சோலுக்குள் நுழைந்தன.

பிளேஸ்டேஷன் 5 கதை வேறு. 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ஆனது. 2024-ல் வந்த ஸ்லிம் மாடலும் அதே 54,990 ரூபாய்தான். பண்டிகைக் கால ஆஃபர் மட்டுமே ஆறுதல். புது கேம் ஒன்று சுமார் 5,000 ரூபாய். பத்து கேம் வாங்கினால் இன்னொரு கன்சோல் வாங்கும் காசு!

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, டிஸ்க். கேம் டிஸ்க்கை நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்வது, விளையாடி முடித்ததைப் பாதி விலைக்கு விற்பது, செகண்ட் ஹேண்டில் வாங்குவது... இப்படித்தான் இங்கே பலரும் இந்தச் செலவைச் சமாளிக்கிறார்கள். டிஜிட்டல் மாடலில் இது எதுவும் நடக்காது. விலை குறைவு என்று டிஜிட்டல் மாடலை வாங்குபவர், மிச்சமான காசை இரண்டு, மூன்று கேமிலேயே திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

உலக கேமிங் வருவாயில் சுமார் பாதி மொபைலிலிருந்து வருகிறது. இந்தியாவில் கையில் இருக்கும் போனே முதல் கன்சோல். விலை இப்படியே போனால், பலருக்கு அதுவே கடைசி கன்சோலாகவும் இருக்கும்.

அப்போ, வாங்கலாமா வேண்டாமா?

விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பெரிய அர்த்தம் இல்லை என்பதைத்தான் இந்த ஐந்து வருஷம் காட்டியிருக்கிறது. விளையாட நேரமும் விருப்பமும் இருப்பவர்கள், ஆஃபர் வரும்போது டிஸ்க் மாடலைப் பார்க்கலாம். பிளேஸ்டேஷன் 4 ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், தாங்கள் ஆடும் கேம் அதில் ஓடும்வரை பதற வேண்டியதில்லை.

வாங்குபவர்கள் கையில் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ கேமை 80 டாலருக்கு விற்கப்போவதாக அறிவித்த மைக்ரோசாஃப்ட், ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜூலையில் 70 டாலருக்கு இறங்கி வந்தது. வாங்காமல் இருப்பதும் ஒரு பதில்தான், அது நிறுவனங்களின் காதில் விழத்தான் செய்கிறது.

அண்ணன் விளையாடிய கன்சோலை, அடுத்த மாடல் வந்ததும் பாதி விலைக்குப் புதுசாகவே தம்பி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இந்தத் தொழில் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு அந்தத் தம்பிகளும் காரணம். அவர்கள் நுழையும் கதவை அடைத்துவிட்டால், அடுத்த தலைமுறை கன்சோல்களை வாங்க யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றுமே பதில் சொல்லியாக வேண்டும்.